ரத்னவேலின் ஈரலும் எட்டாயிரம் வெள்ளியும்

அழகப்பன் ரத்னவேலுக்கு எட்டாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனாலும் தேக்கா வட்டாரத்தில் அந்தக் கடனை அறியாதவர் இல்லை. கொடுத்தவரே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னால் யாருக்குத்தான் தெரியாமல் போகும்?

சார்ஸ் தொற்று வந்த வருடம் அது. ஜாலான் புசாரில் அழகப்பன் வைத்திருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. அரிசிக்காரன், கோழிக்காரன், வாடகைக்காரன் என்று மூன்று பக்கமும் நெருக்கினார்கள். கடைக்கதவை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதரை ரத்னவேல்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பாக்கியை எல்லாம் அடைத்தார். "அடுப்பு முன்னால நின்னவன்தானே, சூடு தாங்குவே. நாளைக்கே ஜூரோங் வந்துடு" என்று தன் பட்டறையில் வேலையும் கொடுத்தார். செய்தது பெரிய காரியம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பெரிய காரியம் செய்யத்தான் ரத்னவேல் பிறந்திருந்தார். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரும்புச் சாமான் கடையில் கூட்டிப் பெருக்கினார். பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவினார். பிறகு ஜூரோங்கில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தொட்டி. அந்த ஒன்று ஆறு தொட்டியானது. துறைமுகத்துக் கப்பல்களின் பம்பு, வால்வு, பிஸ்டன் எல்லாம் பல வருடத்துக் கறுப்பு எண்ணெயோடு அவர் வாசலுக்கு வந்து, புது மாப்பிள்ளை போலப் பளபளத்துத் திரும்பிப் போயின. கழுவி முடித்ததும் உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைப்பார்கள். துணி வெள்ளையாகவே வந்தால்தான் பொருள் வெளியே போகும். அந்தப் பட்டறையின் சட்டம் அது ஒன்றுதான்.

"சர்டிஃபிகேட் வெச்சிருக்கறவன் பத்துப் பேரு என்கிட்ட வந்து நிக்கறான்" என்பார். "என் கை எப்பவும் மேலதான் இருக்கும். குடுத்துத்தான் பழக்கம். கீழ போனதில்ல."

அழகப்பன் மூன்று முறை பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதல் முறை ஒரு தீபாவளிக்கு, உறையில் போட்டு, வெற்றிலை மேல் வைத்து. ரத்னவேல் உறையைத் தொடக்கூட இல்லை. "வெச்சுக்கப்பா. ஓடியா போயிடப்போறே" என்றார். அடுத்த இரண்டு முறையும் அதே பதில். பார்த்தவர்கள் எல்லாம், என்ன மனசு, என்ன தாராளம் என்றார்கள். அழகப்பன் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தார். அந்தக் குனிவு ரத்னவேலுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இது ரத்னவேலின் ஈரலைப் பற்றிய கதை.

எண்ணெயைக் கரைக்கும் திரவம் எதுவானாலும் பட்டறையில் அதன் பெயர் தின்னர்தான். மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் போதும், இன்ன சரக்கு, இத்தனை பழசு என்று ரத்னவேல் சொல்லிவிடுவார். சாயங்காலம் கையைக் கழுவுவதும் அதில்தான். சோப்பில் போகாத கறை அதில் ஒரு நொடியில் போகும். உள்ளங்கை ஊறிய அரிசிபோல வெளுத்து, கோடு கோடாக வெடித்துக் கிடக்கும். அதையும் விரித்துக் காட்டுவார். "உழைச்ச கை."

ஒரு சமயம், மூடப்போகும் ஆலைகளில் மிச்சம் மீதியை வாங்கி விற்கும் ஓர் ஆள், பெயர் ஒட்டாத டிரம்களைப் பாதி விலைக்குக் கொண்டுவந்தான். ரத்னவேல் முகர்ந்தார். இனிப்பான வாசம். முகர்ந்ததும் தலை லேசாகி, பட்டறை தரையைவிட்டுச் சற்று மேலெழுந்து நிற்பதுபோல இருந்தது. "பழைய காலத்துச் சரக்கு. இந்த மாதிரி இப்ப யாரு செய்யறா?" என்று அத்தனையும் வாங்கினார். மற்றவர்களுக்கு அந்த வாசம் தலைவலி கொடுத்தது. அதனால் அந்தத் தொட்டியைத் தானே பார்த்துக்கொண்டார். அதுவும் பெருமைதான்.

கண் மஞ்சளானபோது அவர் பயப்படவில்லை. மஞ்சள்காமாலைக்கு மருந்து தெரியாத தமிழன் உண்டா? தேக்கா சந்தையில் கீழாநெல்லிக் கட்டு வாங்கி, மனைவி தங்கத்திடம் அரைக்கச் சொல்லி, மோரில் கலந்து குடித்தார். உப்பில்லாப் பத்தியம் இருந்தார். வீட்டில் படுத்த அந்த நாட்களில் கண் தெளிந்தது. கீழாநெல்லி தெளியவைத்ததா, தொட்டியைவிட்டுத் தள்ளி இருந்தது தெளியவைத்ததா என்று அவர் யோசிக்கவில்லை. "டாக்டருக்கு ஒரு காசு குடுக்கல" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு மறுபடி அதே தொட்டிக்குப் போனார். அடுத்த வருடமும் மஞ்சள், அடுத்த வருடமும் கீழாநெல்லி. ஓட்டையை அடைக்காமல் தோணியில் தண்ணீர் இறைத்த கதை.

கடைசியில் ஒரு பொங்கல் சமயம், பானையை இறக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே சுவரில் சாய்ந்தார். தங்கம் டாக்சி பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் ஒரு பெண். பெயர் சயந்தினி, காத்தோங் பக்கத்து யாழ்ப்பாணக் குடும்பம். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே ரத்னவேலின் மானம் போயிற்று.

"அங்கிள் ட்ரிங்க் பண்ணுவீங்களா?"

"ஒரு சொட்டு பீர் இந்த நாக்கில பட்டதில்ல டாக்டரம்மா. என் கல்யாணத்திலேயே ஆரஞ்சு தண்ணிதான் குடுத்தேன்."

"கோபப்படாதீங்க. எல்லாரையும் கேட்போம்."

"எங்க வீட்டுக்குக் கீழ கோப்பிக் கடையில இப்பவே பேசிக்கறானுங்க. ரத்னவேலுக்கு ஈரல் போச்சாம், மறைச்சு மறைச்சு குடிச்சிருக்கான்னு."

"அவங்க பேசறது லிவருக்குக் கேக்காது" என்றார் டாக்டர். "சட்டையைத் தூக்குங்க."

குளிர்ந்த பசையைத் தடவி, விலாவின் இடுக்கில் ஒரு கருவியை வைத்தார். அது உள்ளே தட்டியது. யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு. சற்று நேரம் கழித்து இன்னொன்று. ரத்னவேல் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் வந்து திறப்பார்கள் என்று தோன்றியது. அறை நீலமாக இருந்தது. தட்டும் சத்தம் வெகுதூரத்தில், தண்ணீருக்கு அடியில் கேட்டது.

"பதிமூணு" என்றார் டாக்டர். "நல்ல ஈரல் அஞ்சு, ஆறு இருக்கும். மெத்துமெத்துன்னு. உங்களோடது கெட்டியாயிடுச்சு. உள்ள தழும்பு."

கேள்வி மேல் கேள்வி கேட்டு அந்த இனிப்பு வாசத்துக்கு வந்து சேர்ந்தார். குளோரின் கலந்த கரைப்பானாக இருக்கும், சுவாசத்தில் போகும், தோல் வழியாகவும் போகும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"உங்க லிவருக்குள்ள நட்சத்திரம் மாதிரி சில செல்ஸ் இருக்கு அங்கிள். சாதாரணமா ஒரு வேலையும் காட்டாது. வைட்டமின் ஏ-யை எண்ணெய்ச் சொட்டா மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கும். விஷம் வந்து மத்த செல்ஸ் அடிபட்டதும் இதுங்க முழிச்சுக்கும். எண்ணெயைக் கொட்டிட்டு, நார் நாரா பின்ன ஆரம்பிக்கும். காயத்தைக் கட்டறதுக்கு."

"நல்லதுதானே செய்யுது."

"நல்லதுதான். வேலை முடிஞ்சதும் போயிடணும், அதான் முக்கியம். விஷம் நின்னா, அதுங்களுக்குள்ளயே ஒரு புரோகிராம் ஓடும். போதும், கலைஞ்சுடுன்னு. சிலது திரும்பித் தூங்கப் போகும். நிறைய அப்படியே சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமா பிரிஞ்சு செத்துடும். வெடிக்காது, சிந்தாது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அள்ளிட்டுப் போக வேற செல்ஸ் வரும். அதுக்கப்புறம் தழும்பும் மெல்ல மெல்லக் கரையும்."

"என்னோடது ஏன் சாகல?"

"விஷம் நிக்கவே இல்லையே. அதுங்க பாவம், இன்னும் காயம் இருக்குன்னு பின்னிக்கிட்டே இருக்கு. இப்ப நிறுத்தினா திரும்பி வர சான்ஸ் இருக்கு. இன்னும் கெட்டியாச்சுன்னா திரும்பாது. ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகாதீங்க. பட்டறையா, ஈரலா, நீங்களே முடிவு பண்ணுங்க."

தங்கம் அவருக்காக முடிவு பண்ணினார்.

பட்டறையை அழகப்பன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் ரத்னவேலின் பஃபலோ ரோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு விஷயம் கேட்டார்.

"அண்ணே, தின்னரை நிறுத்திடுவோம். சுடுதண்ணியும் சோப்பும் பீச்சற மெஷின் வாடகைக்குக் கிடைக்குது. பேர் இல்லாத டிரம்மை எல்லாம் கழிவு எடுக்கறவங்ககிட்ட முறையா குடுத்துடலாம்."

"தண்ணியில எண்ணெய் போகுமாடா? உங்கப்பன் வீட்டு மீன்சட்டியா அது?"

"முயற்சி பண்ணிப் பாப்போம் அண்ணே. ரெண்டாவது, அந்த எட்டாயிரம். பேங்க்ல தனியா கிடக்கு. இந்த நேரத்துல வாங்கிக்கிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

"செத்தா போயிட்டேன்? வெச்சுக்க."

அழகப்பன் எழுந்தார். போகும்போது வாசலில் செருப்பைத் தேடியபடி தங்கத்திடம் சொன்னார்: "துவாஸ்ல ஒரு கம்பெனி ஃபோர்மேன் வேலைக்குக் கூப்பிடுது அக்கா. ரொம்ப நாளா. கடனை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

உள்ளேயிருந்து ரத்னவேலுக்கு அது கேட்டது. அதனால்தானே வாங்காமல் இருக்கிறேன் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

சும்மா இருப்பது ரத்னவேலுக்குத் தெரியாத தொழில். வீட்டில் அவருக்கு நேரம் ஊறவைத்த துணிபோலக் கனத்துத் தொங்கியது. சன்னலுக்குக் கீழே தேக்கா சந்தையின் சத்தம், மீன் வெட்டும் பலகையின் டக் டக், மல்லிகைக் கடையின் ஈர வாசம். பின்மதியத்தில் மழை வந்து சிராங்கூன் ரோட்டை மறைத்துவிட்டுப் போகும். மாடிக்கு மாடி துணிக்கம்புகள் சட்டைகளோடு நீண்டிருக்கும். அந்தச் சட்டைகள் எல்லாம் எங்கேயோ புறப்படப் போகின்றன, தான் மட்டும் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு பக்கத்து வீட்டு மின்விசிறி சத்தம் போட்டது. ரத்னவேல் அதைக் கழற்றித் தாழ்வாரத்தில் பரப்பி, துடைத்து, எண்ணெயிட்டு மாட்டிக்கொடுத்தார். அடுத்த நாள் மேல் மாடியில் ஒரு அடுப்பு. அதற்கடுத்து ஒரு சைக்கிள் செயின். அந்த அடுக்குமாடி புளோக் முழுக்க, ரத்னவேல் அங்கிள் தொட்டால் எல்லாம் புதுசு என்று பேச்சானது. அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

அரை வருடம் போனதும் இரண்டாவது ஸ்கேன். கதவு தட்டும் சத்தம், நீல அறை. டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அதே பதிமூணு. ரத்தத்திலயும் இன்னும் காயம் தெரியுது."

"பட்டறை வாசலைக்கூட மிதிக்கல டாக்டரம்மா. சாமி சத்தியம்."

"மிதிக்கல" என்றார் பக்கத்தில் இருந்த தங்கம். "பட்டறை சிங்க் அடியில இருக்குது."

"சும்மா இரு."

"அந்தத் தின்னரைச் சொல்லுங்க. முதல் நாளே கேன்ல கொண்டுவந்து ஒளிச்சு வெச்சீங்களே. ஊரு ஃபேனெல்லாம் எதுல கழுவறீங்க? கைய எதுல கழுவறீங்க? விரிச்சுக் காட்டுங்க."

ரத்னவேல் கையை மடியில் மூடிக்கொண்டார். டாக்டர் சயந்தினி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்.

"அங்கிள், அந்த நட்சத்திரங்க எல்லாம் கலைஞ்சு போகத் தயாராத்தான் இருக்கு. நீங்கதான் தினம் தினம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. வேலை இருக்கு, இரு, இருன்னு. உங்க குரல் கேக்கற வரைக்கும் அதுங்க சாகாது. இன்னும் ஒரு தடவை பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

அன்று மாலையே தங்கம் கூப்பிட, அழகப்பன் ஜூரோங்கிலிருந்து வந்து, சிங்க்கின் கீழே குனிந்து, கேனை எடுத்து, பாதுகாப்பாக மூடி, பையில் கட்டினார்.

"திட்டேன்டா" என்றார் ரத்னவேல்.

"நான் யாரு அண்ணே திட்டறதுக்கு?"

கடன்பட்டவன் பேச்சு அது. ரத்னவேலுக்கு முதல் முறையாக அந்தக் குனிந்த தலை பிடிக்கவில்லை. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழகப்பன் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப்போனார். இனிப்பு வாசம் கொஞ்ச நேரம் சமையலறையில் இருந்துவிட்டுப் போனது.

அதன் பிறகு ரத்னவேல் உண்மையாகவே நிறுத்தினார். மின்விசிறி கொண்டுவந்தவர்களிடம், சோப்புத் தண்ணியில் துடைக்கச் சொன்னார். முதலில் தலை வலித்தது. பிறகு வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மழைக்கு முந்திய மண், கறிவேப்பிலை, தங்கத்தின் தலைமுடியில் தேங்காயெண்ணெய். இத்தனை வாசனைகளும் இத்தனை வருடம் எங்கே காத்திருந்தன என்று வியந்தார். உலகத்திலேயே நல்ல மூக்கு தனக்குத்தான் என்று சொல்லித் திரிந்தவருக்கு, கறிவேப்பிலை வாசம் மறந்துபோயிருந்தது.

தீபாவளி வந்து போயிற்று. சிராங்கூன் ரோட்டின் மேல் வளைத்துக் கட்டியிருந்த விளக்குத் தோரணங்களைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். ரத்னவேல் கீழே இறங்கி நின்று பார்த்தார். மயிலும் தாமரையுமாக இரவெல்லாம் எரிந்தவை பகல் வெளிச்சத்தில் வெறும் கம்பியும் பிளாஸ்டிக்குமாக இருந்தன. உயரத்தூக்கியில் நின்ற ஆள் ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்த்து, சுருட்டி, கீழே இறக்கினான். சத்தமே இல்லை. பஸ்கள் அடியில் போய்க்கொண்டிருந்தன.

"அழகா இருக்குதே தம்பி, இன்னும் கொஞ்ச நாள் விடக்கூடாதா?"

"விட்டா துருப்புடிச்சு யாரு தலையிலயாவது விழும் அங்கிள்" என்றான் கீழே நின்றவன். "அடுத்த வருஷம் வேற கட்டுவோம்லா."

அன்று மத்தியானம் ரத்னவேல் ஹாலில் படுத்தார். மின்விசிறி சுற்றியது. கீழே சந்தை அடங்கிக்கொண்டிருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத இடத்தில் அவர் ஒரு கப்பலின் அடியறைக்குள் நடந்துகொண்டிருந்தார். சுவர்கள் கருஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருந்தன. தரை பாதத்துக்கு மெத்தென்று கொடுத்தது. இரு பக்கமும் நட்சத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு எண்ணெய்ச் சொட்டோடு தூங்கின. சொட்டுகள் மாம்பழ நிறத்தில் மங்கலாக எரிந்தன.

இனிப்பு வாசம் வந்தது. எல்லாம் விழித்தன. எண்ணெய் தரையில் ஓடியது. கைகள் நீண்டு, கயிறு பிடித்து, பின்னத் தொடங்கின. எத்தனை சுறுசுறுப்பு. ஓவர்டைம் பார்க்கும் தன் ஆட்களைப் பார்ப்பதுபோல அவர் பூரித்தார். கயிறு குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்தது. அறை சுருங்கியது. போதும் என்றார். கேட்கவில்லை. மூச்சு முட்டியது. குனிந்து பார்த்தால் அந்த வாசம் அவர் கையில் இருந்த கேனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை மூடித் தரையில் வைத்தார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நட்சத்திரம் கயிற்றை மெல்லக் கீழே வைத்தது. மழை நின்றபின் குடையை மடக்குவதுபோலக் கைகளை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டது. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பிரசாதம் வாங்குவதுபோல அந்தப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது மடங்கியது. அதற்கடுத்தது. யாரும் அழவில்லை. கயிறுகள் பனிபோல நெகிழ்ந்தன.

ஒன்று மட்டும் நின்றுகொண்டே இருந்தது. கையில் கயிறு, குனிந்த தலை. நிமிர்ந்தபோது அது அழகப்பனாக இருந்தது.

"அண்ணே, நான் போலாமா?"

ரத்னவேல் வாய் திறந்தார். கண் விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் தங்கத்திடம் சொல்லிவிட்டே ஜூரோங் புறப்பட்டார். தின்னரின் கடைசி டிரம்மும் எப்போதோ போய்விட்டதை அழகப்பனிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டபிறகுதான் தங்கம் விட்டார். புகிஸில் மாறி ஏறிய ரயில், ரெட்ஹில் தாண்டி வெளிச்சத்தில் மிதந்து போயிற்று. மரங்களின் தலைகள் சன்னலுக்கு வெளியே பச்சைக் கடலாக அசைந்தன.

பட்டறையில் வாசமே இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. ஆறு தொட்டிகள் இருந்த இடத்தில் வெள்ளை ஆவி எழும் ஒரு பெட்டி நின்றது. கதவைத் திறந்து ஒரு பம்பை அழகப்பன் வெளியே எடுத்தார்.

"துணி எங்க?" என்றார் ரத்னவேல்.

அழகப்பன் வெள்ளைத் துணியை நீட்டினார். ரத்னவேல் அதை விரலில் சுற்றி, பம்பின் குடலுக்குள் விட்டு, மூலை முடுக்கெல்லாம் திருகித் துடைத்து, வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். துணி வெள்ளையாக இருந்தது.

"நான் கழுவின மாதிரி வராது" என்றார்.

"வராது அண்ணே" என்று அழகப்பன் ஒப்புக்கொண்டார். "நீங்க கழுவினா ஈரலையும் சேத்துல்ல கழுவிடுவீங்க."

ரத்னவேல் அவரை முறைத்தார். இருபது வருடத்தில் அழகப்பன் அவரிடம் அடித்த முதல் நக்கல் அது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது விலாவில் நோகவில்லை.

பங்குனியில் மூன்றாவது ஸ்கேன். தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை ரத்னவேல் கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, உள்ளே இருப்பவர்களிடம், போங்கப்பா, போதும், நல்லா செஞ்சீங்க என்று மனதுக்குள் சொன்னார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சொன்னார்.

"எட்டு" என்றார் டாக்டர் சயந்தினி. திரும்பி உட்கார்ந்து, சிரித்தார். "இன்னும் முழுசா போகல. போகுமான்னு இப்ப சொல்லவும் மாட்டேன். ஆனா இறங்குது அங்கிள். ரத்தமும் சுத்தமா இருக்கு. கலைய ஆரம்பிச்சிருச்சு."

"நான் ஒரு காரியத்துல இறங்கினா அப்படித்தான் டாக்டரம்மா" என்றார் ரத்னவேல். தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் அழகப்பனுக்குப் போன் போட்டார்.

"அந்த எட்டாயிரத்தை எடுத்துக்கிட்டு தேக்காவுக்கு வா."

"என்ன அண்ணே, டாக்டர் ஏதாவது சொல்லிட்டாங்களா? இந்த நேரத்துல கணக்கு முடிக்கறீங்களே."

"சாகலடா. நல்லா இருக்கேன். வா."

தேக்காவின் அதே கோப்பிக் கடை. கடனைப் பற்றி அவர் ஊருக்குச் சொன்னது எல்லாம் அந்த வட்ட மேசையில் உட்கார்ந்துதான். பாலில்லாத கோப்பி ஓ இரண்டு வந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெயில் கூரையின் இடுக்கு வழியாக இறங்கி மேசையில் மஞ்சளாகக் கிடந்தது. அழகப்பன் வங்கி உறையை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

ரத்னவேல் உறையைத் தொடவில்லை. அழகப்பனின் முகம் மாறியது. பழைய கதைதானா என்ற பார்வை.

"துவாஸ்காரன் இன்னும் கூப்பிடறானா?"

"கூப்பிடறான்."

"போவியா?"

அழகப்பன் கோப்பியைக் கலக்கினார். "தெரியல அண்ணே. போனாலும் போவேன். இருந்தாலும் இருப்பேன். இதை வெச்சுக்கிட்டு எதையும் யோசிக்க முடியல."

ரத்னவேலின் நெஞ்சில் ஏதோ ஒன்று இரு, இரு என்று கூப்பிட வாயெடுத்தது. அவர் கோப்பியை ஒரு வாய் குடித்து அதை உள்ளேயே அமர்த்தினார்.

"எண்ணிக் குடு" என்றார்.

"பேங்க்ல எண்ணித்தான் குடுத்தாங்க."

"இங்க எண்ணு. கையில எண்ணு."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ரத்னவேல் வலது கையை மேசைக்குக் கொஞ்சம் தாழ்வாக நீட்டி, விரித்தார். வெடிப்புகள் மூடி, தோல் புதிதாகி, அந்த உள்ளங்கை வேறு யாருடையதோ போல இருந்தது. அழகப்பன் அதைப் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து, நாக்கில் விரலை நனைத்து, முதல் நூறு வெள்ளி நோட்டை அந்தக் கையில் வைத்தார்.

"ஒண்ணு."

வெயில் மேசையிலிருந்து நகர்ந்து அழகப்பனின் தோளுக்கு ஏறியது. நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சத்தமில்லாமல் விழுந்தன. எண்ண எண்ண அழகப்பனின் தலை நிமிர்ந்துகொண்டே வந்தது. கோப்பி ஆறிப்போயிற்று. இருவரும் அதைத் தொடவில்லை.

"எழுபத்தொம்பது" என்றார் அழகப்பன். கடைசி நோட்டை நீவி, மடிப்பை எடுத்து, விரிந்திருந்த உள்ளங்கையில் வைத்தார்.

"எம்பது."